இரண்டாம் பருவ நிறைவில் பெற்றோருக்குத் தலைமையாசிரியை எழுதும் மடல்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கமும் கிறிஸ்து பிறப்பு விழா வாழ்த்தும்.

இறையருளால் இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவுற்றது. பாலக்காட்டுச் சித்தூர் உபமாவட்டக் கலைவிழாவில் நம் மாணவர்கள் தமிழ்ச் செய்யுள் ஒப்பித்தலிலும் பேச்சிலும் பரிசு பெற்றனர். அறிவியல் விழாவிலும் விளையாட்டுப் போட்டிகளிலும் பலர் கலந்துகொண்டு பள்ளிக்குப் பெருமை சேர்த்தனர். மதிய உணவுக் கூடத்தின் கூரை வேலையை மழைக்கு முன்பே முடித்துத் தந்த பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கு என் நன்றி.

இவற்றை இந்த அளவில் நிறுத்திக்கொண்டு, இந்தப் பருவம் முழுவதும் எங்கள் ஆசிரியர்களின் மனத்தை உறுத்திக்கொண்டிருந்த ஒன்றைப் பற்றிச் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. எட்டாம் வகுப்பில் நடந்த ஓர் அறிவியல் வகுப்புத் தேர்வில், ஆவியாதல் என்றால் என்ன என்ற வினாவுக்கு ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் ஒரே விடையை ஒரே சொற்களில் எழுதியிருந்தார்கள். வெப்பநிலை என்பதை ‘வெப்பனிலை’ என்று பிழையாக எழுதியதில்கூட வேறுபாடு இல்லை. அதற்கு அடுத்த வினா, மார்கழி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வேகமாக வீசும் நாட்களில் துவைத்த துணி ஏன் சீக்கிரம் காய்கிறது என்பது. அந்தக் காற்றில்தான் அவர்கள் அன்றாடம் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கு வருகிறார்கள்; அவர்கள் அணிந்திருந்த சீருடையும் அந்தக் காற்றில் காய்ந்ததுதான். இருந்தும் பெரும்பாலான தாள்களில் அந்த இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது.

விசாரித்தபோது, மாலை டியூஷன் வகுப்புகளில் தரப்படும் ஜெராக்ஸ் தாள்களிலிருந்து அந்த விடைகள் மனப்பாடம் செய்யப்பட்டவை என்று தெரிந்தது. இன்னும் சிலர் பொள்ளாச்சிக் கடைவீதியிலோ கோயம்புத்தூரிலோ உரைநூல் வாங்கித் தருகிறார்கள். அவை தமிழ்நாட்டுப் பாடநூல்களுக்கு எழுதப்பட்டவை என்பதையும், நம் பிள்ளைகள் தமிழில் படித்தாலும் கேரள அரசின் பாடநூல்களையே படிக்கிறார்கள் என்பதையும் வாங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். பாடத்தின் தலைப்பு ஒன்றாக இருப்பதாலேயே உள்ளிருப்பதும் ஒன்றாகிவிடாது.

உங்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. எட்டாம் வகுப்பில் எழுத்துத் தேர்வின் ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது 30 விழுக்காடு பெற வேண்டும் என்ற விதி 2024-25 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்தது முதல், பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற அச்சம் பல வீடுகளில் புகுந்திருக்கிறது. தென்னந்தோப்பிலும் நிலக்கடலைக் காட்டிலும் மில்லிலும் நாள் முழுதும் உழைத்துத் திரும்பும் பெற்றோர், தாங்கள் படிக்காததால் வீட்டில் சொல்லித்தர வழியில்லை என்று எண்ணி, சிரமப்பட்டுக் கட்டணம் கட்டி டியூஷனுக்கு அனுப்புகிறார்கள். அந்த அக்கறையை மதிக்கிறேன். அந்தப் பணத்துக்கு ஈடாக வீட்டுக்கு வருவது என்ன என்பதுதான் என் கேள்வி.

சென்ற பெற்றோர் கூட்டத்தில் ஒரு தந்தை நியாயமாகவே கேட்டார்: “ஞானோபதேசம் என்னும் மறைக்கல்வியைக் கேள்வி பதிலாக மனப்பாடம் செய்துதானே நாங்கள் வளர்ந்தோம், சாமியார்கள் நடத்தும் பள்ளியில் மனப்பாடம் எப்போது குற்றமானது?” நடத்துவது கன்னியராகிய நாங்கள், சாமியார்கள் அல்லர் என்று சிரித்தபடி சொன்னேனே தவிர, அவர் கேள்விக்கு அன்று முழுமையாக விடை சொல்ல நேரம் கிடைக்கவில்லை. நம் பிள்ளைகளில் பலர் கத்தோலிக்கர் அல்லர் என்றாலும், கற்பிக்கும் முறை எல்லோருக்கும் பொதுவானது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கத்தோலிக்கப் பள்ளிகள் மனப்பாடத்தை ஒருபோதும் தள்ளிவைத்ததில்லை. கத்தோலிக்கத் துறவற சபைகளுள் ஒன்றான இயேசு சபையினர் 1599ஆம் ஆண்டில் தங்கள் கல்லூரிகளுக்கு வகுத்த கல்வித் திட்டத்தில், ஒப்பித்தலுக்கும் மீள்பார்வைக்கும் நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. வாரத்தில் படித்ததைச் சனிக்கிழமை மீண்டும் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கெல்லாம் முன்பாக ஆசிரியர் அந்தப் பகுதியை எடுத்துக்கொண்டு, அதன் பொருள் என்ன, எந்தச் சொல் எதற்காக அங்கே நிற்கிறது என்று விளக்கியாக வேண்டும். விளக்கம் முதலில், மாணவன் திருப்பிச் சொல்வது அதன் பிறகு, மனத்தில் பதித்துக்கொள்வது எல்லாவற்றுக்கும் பின்பு என்பதே அந்த வரிசை. டியூஷன் தாளில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. பிள்ளை பாடத்தைக் கேட்பதற்கு முன்பே விடையை மனத்தில் ஏற்றிக்கொண்டு வந்து வகுப்பில் அமர்கிறது. பிறகு ஆசிரியர் கேட்கும் எந்தக் கேள்வியும் அதற்குத் தொல்லையாகத் தெரிகிறது.

குழுவாக உட்காரவைத்துப் பிள்ளைகளையே ஒருவருக்கொருவர் சொல்லித்தரச் சொல்வது பற்றியும் புகார் வந்திருக்கிறது. ஆசிரியர் வேலையைப் பிள்ளைகள் தலையில் கட்டுகிறோம் என்று ஒரு தாய் வருத்தப்பட்டார். மேற்சொன்ன இயேசு சபைப் பள்ளிகளிலேயே, மாணவர்களைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, அவர்களுள் ஒருவன் மற்றவர்களின் ஒப்பித்தலைக் கேட்கும் ஏற்பாடு இருந்தது. இது அண்மையில் புகுந்த புதுமை அல்ல. தான் அறிந்ததை இன்னொருவருக்குச் சொல்ல முயலும்போதுதான், எங்கே தனக்கே தெளிவில்லை என்று பிள்ளைக்குத் தெரிகிறது. குழுவில் பேசுகிறவன் ஒருவனாகவும் மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பவர்களாகவும் ஆகிவிடும் வகுப்புகள் உண்டு என்பது உண்மை. அதைக் கவனிக்க ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

இனி எழுதுவது சிலருக்குக் கசக்கலாம். விடைகளை வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை என்பதற்காக, இளம் ஆசிரியை ஒருவரைப் பள்ளி வாயிலில் நிறுத்திப் பலர் முன்னிலையில் கடிந்து பேசியிருக்கிறார்கள். இதை இப்பள்ளி ஏற்காது. பாடக் குறிப்புகளை வாட்ஸ்அப் வழியாக அனுப்பும் வழக்கத்தைக் கைவிடுமாறு கேரளப் பொதுக்கல்வித் துறை 2024 நவம்பரில் மேல்நிலைப் பிரிவுகளுக்கு அறிவுறுத்தியது. நம் உயர்நிலை வகுப்புகளிலும் அதே முறையைப் பின்பற்ற ஆசிரியர் கூட்டத்தில் முடிவு செய்துள்ளோம். வகுப்புக் குழுக்களில் விடுமுறை, கூட்டம், தேர்வு நாள் பற்றிய அறிவிப்புகள் மட்டுமே வரும். பெரியவர்களின் கையெழுத்தில் உள்ள வீட்டுப்பாடமும், கடையில் செய்து வாங்கிய மாதிரிகளும், தாளிலிருந்து எழுத்துப் பிசகாமல் எடுத்தெழுதிய செயல்திட்டங்களும், ஆண்டு முழுவதும் வகுப்பில் நடக்கும் தொடர் மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட மாட்டா. எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் நூற்றுக்கு இருபது மதிப்பெண் தொடர் மதிப்பீட்டுக்கு உரியது என்பதை அறிவீர்கள். அந்த மதிப்பெண் பிள்ளையின் உழைப்புக்கு உரியதே தவிர வீட்டாரின் உழைப்புக்கு அல்ல. ஆசிரியரிடம் குறை இருந்தால் என் அறைக்கு வாருங்கள், இருவரையும் உட்காரவைத்துப் பேசலாம். வாயிலில் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர்கள் பெற்றோரே என்று 1965 அக்டோபர் 28 அன்று வெளியான, கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை கூறுகிறது. நீங்கள் பாடம் நடத்த வேண்டும் என்பது அதன் பொருள் அன்று. சாப்பிடும்போதோ மாட்டுக்குத் தீவனம் வைக்கும்போதோ, இன்று வகுப்பில் என்ன நடந்தது, அது ஏன் அப்படி என்று பிள்ளையைக் கேளுங்கள். பள்ளிக்கூடமே போகாத பாட்டியும் இதைக் கேட்கலாம். புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லலாம், அப்போது பிள்ளை வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கும். எழுத்துத் தமிழில் சொல்ல வேண்டியதில்லை. பதினேழாம் நூற்றாண்டு பிரான்சில் புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால், ஏழைச் சிறுவர்களுக்கு முதலில் இலத்தீனில் வாசிக்கக் கற்பிக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, அவர்கள் பேசும் பிரெஞ்சு மொழியிலேயே தொடங்கினார். அவரைத்தான் திருச்சபை ஆசிரியர்களின் பாதுகாவலராகப் போற்றுகிறது. மலையாளம் கலந்த நம் எல்லைத் தமிழில் பிள்ளை விளக்கினால் போதும். அதைப் பாடநூல் நடைக்குக் கொண்டுவருவது எங்கள் பொறுப்பு.

டியூஷனை உடனே நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. சில பிள்ளைகளுக்கு, குறிப்பாகக் கணக்கில், கூடுதல் உதவி தேவைப்படுகிறது. ஜனவரி முதல் செவ்வாய், வியாழக் கிழமைகளில் பள்ளி முடிந்தபின் ஒரு மணி நேரம் கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் கட்டணமின்றி இருந்து உதவுவார்கள். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பிள்ளைகளின் பெயரை வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே தந்தால், அவர்களை முதலில் பார்த்து அனுப்புவார்கள். விடுமுறை முடிந்தபின் நடக்கும் வகுப்புவாரிப் பெற்றோர் கூட்டத்துக்கு, முடிந்தால் தாய் தந்தை இருவரும் வாருங்கள். அந்த எட்டாம் வகுப்பு விடைத்தாள்களைப் பெயரை மறைத்து உங்கள் பார்வைக்கு வைக்கிறோம்.

இப்பருவம் முழுவதும் பொறுமையுடன் எங்களோடு ஒத்துழைத்தமைக்கும், கடுமையாகப் பேசிய பின்பும் மறுநாள் வந்து அந்த ஆசிரியையிடம் நலம் விசாரித்துச் சென்ற பெருந்தன்மைக்கும் மனமார்ந்த நன்றி.

இறையன்பில்,
தலைமையாசிரியை