மூலைக்கடை ஆட்டம்

ஆசிரியருக்கு,

வீட்டிலேயே வீடியோ கேம் இருக்கும்போது, காசு போட்டு ஆடும் வீடியோ கேம் மெஷின்கள் உள்ள ஆர்கேடுகள் எதற்கு என்று சென்ற வாரம் உங்கள் தலையங்கம் கேட்டிருந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. காப்காம் நிறுவனம் 1991இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ என்ற சண்டை ஆட்டம் சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெரு மூலைக்கடைக்கும் வந்தது. அடுத்த ஆட்டம் தன்னுடையது என்பதற்கு அடையாளமாக, 20 சென்ட் காசு ஒன்றைத் திரையின் ஓரத்தில் வைத்துவிட்டுக் காத்து நிற்போம். தோற்றவன் முணுமுணுக்காமல் விலக வேண்டும். வம்பு செய்தால் கடைக்கார மாமா மெஷினையே அணைத்துவிடுவார். (ரொட்டி வாங்க அம்மா தந்த காசு சில நாள் அங்கேயே கரைந்தது, அது வேறு கதை.)

வீட்டில் படம் துல்லியம், காசு போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, சரி. ஆனால் யாரோடு விளையாடுகிறாய் என்று மகனைக் கேட்டால், ஹெட்போனைக்கூடக் கழற்றாமல் “தெரியாது” என்கிறான். எங்கள் பகுதிச் சமூகக் கூடம் சனிக்கிழமை மதியங்களில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. அங்கே பழைய ஆர்கேடு மெஷின்கள் இரண்டை வைத்து, ஆட்டத்துக்கு 2 ராண்ட் வாங்கலாம். மேற்பார்வைக்கு என்னைப் போன்றவர்கள் முறைபோட்டு வருவோம்.

— ஒரு வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா