ஸ்கில் லேப் பூட்டியிருப்பது பயத்தால் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மருத்துவக் கல்வி பற்றிய சென்ற வாரக் கட்டுரையில், ‘மூத்த பேராசிரியர்களுக்குப் புதிய கருவிகள் என்றால் பயம், அதனால்தான் ஸ்கில் லேப்கள் பூட்டிக் கிடக்கின்றன’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்கில் லேப் என்பது மாணவர்கள் நோயாளியைத் தொடும் முன் பொம்மைகளில் சிகிச்சை முறைகளைப் பழகும் கூடம். வென்டிலேட்டரோடும் மானிட்டரோடும் நாள் முழுக்க இருக்கும் மயக்கவியல் துறையினர் ரப்பர் பொம்மையைக் கண்டா பயப்படுவோம்? படித்ததும் மனம் நொந்துபோனது.

இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி உயிர்காக்கப் பழகும் சி.பி.ஆர். பொம்மையையே எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சை 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். ஒவ்வொரு தடவையும் முழுதாக மேலெழும்ப விட வேண்டும், இல்லாவிட்டால் இதயத்தில் ரத்தம் நிறையாது. ஸ்பிரிங் தளர்ந்த பொம்மையில் லேசாக அழுத்தினாலே 5 செ.மீ. இறங்கிவிடும். அதில் பழகிய மாணவர் வார்டிலும் அதே பலத்தில்தான் அழுத்துவார். அது போதாது. இது தெரிந்துதான் அந்தப் பொம்மையை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறோம்.

ரத்தக் குழாயில் ஊசி ஏற்றப் பழகும் செயற்கைக் கையான ஐ.வி. கையின் கதையும் இதுதான். வகுப்பு முடிந்ததும் செயற்கை ரத்தத்தை வடித்து, குழாய்களைத் தண்ணீர் விட்டு அலசி, காயவைக்க வேண்டும். அப்படியே விட்டால் சாயம் காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் தோல் ஒழுகும். மாற்றுத் தோல் கேட்டு இண்டென்ட் (கொள்முதல் கோரிக்கை) போட்டால், ‘கைதான் இருக்கிறதே’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். அலசி வைக்க டெக்னீஷியனும் கிடையாது.

நேரக் கணக்கையும் பாருங்கள். 150 மாணவர்கள், ஆளுக்கு 2 நிமிடம் அழுத்த, 1 நிமிடம் தவறைத் திருத்த. ஒரு பொம்மை என்றால் ஒரே ஒரு சுற்றுக்கு ஏழரை மணி நேரம். ஆபரேஷன் தியேட்டர் பட்டியலை முடித்துவிட்டு வருகிற அதே நான்கு பேர்தான் இதையும் நடத்த வேண்டும். 2019இல் திறன் சார்ந்த பாடத்திட்டம் வந்தது. வேலை கூடியது, ஆள் கூடவில்லை.

2020 ஊரடங்கில் சொந்த போனில், சொந்த டேட்டாவில் வகுப்பெடுத்தவர்களும் இதே மூத்தவர்கள்தான். அன்று யாரும் எங்களுக்குத் தொழில்நுட்பம் தெரிகிறது என்று எழுதவில்லை. எங்கள் வருகையைப் பதியும் கருவி பழுதானால் அன்றைக்கே ஆள் வருகிறார். பொம்மையின் ஸ்பிரிங்குக்கு வருவதில்லை. புதிதாக வாங்கும்போதும் பராமரிப்பு ஒப்பந்தம் சேர்க்காமலே வாங்குகிறார்கள். கற்பிக்கிற எங்களை ஒரு வார்த்தை கேட்பதில்லை.

தங்களுக்குத் தெரியாததல்ல இவை. அந்த ஒரு வரியைத் திருத்தி வெளியிடுங்கள். அடுத்த முறை ஸ்கில் லேப் பற்றி எழுதும்போது, பொம்மைக்கு நுரையீரல் பையும் ஐ.வி. கைக்குத் தோலும் கடைசியாக எந்தத் தேதியில் வாங்கினார்கள் என்று ஸ்டாக் ரெஜிஸ்டரைப் பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மயக்கவியல் பேராசிரியர் ஒருவர்,
சென்னை.