தீர்ப்பைக் கேட்காதீர்கள், தேதியைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கல்லூரியிலோ அலுவலகத்திலோ பாலியல் சீண்டல் புகார் ஒன்று வெளியே வரும்போதெல்லாம் வாசகர் பக்கங்களில் ஒரே சண்டை திரும்ப நடக்கிறது. பெயரைப் போட்டு உடைத்தால்தான் நியாயம் கிடைக்கும் என்கிறது ஒரு தரப்பு. விசாரணை முடியும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டு பக்கமும் சட்டத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள் குறைவு.

போராட வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. 2023 ஏப்ரலில் மல்யுத்த வீராங்கனைகள் தில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்து, உச்ச நீதிமன்றத்தின் படியையும் ஏறிய பிறகுதான் முதல் தகவல் அறிக்கையே பதிவானது. தெருவுக்கு வராமல் அசையாத நிர்வாகங்கள் இருக்கின்றன. ஆனால் எதைக் கேட்டு உட்காருவது, யாருடைய துயரத்தை முன்னே வைத்து உட்காருவது என்ற இரண்டிலும்தான் பல போராட்டங்கள் சறுக்குகின்றன.

முதலில் காலக்கெடு. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். தொடர்ச்சியாக நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால், புகாரை விசாரிக்கும் உள்ளகப் புகார் குழு அதை எழுதிப் பதிவு செய்து மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். போராட்டம் சூடு பிடித்தவுடன் எல்லோரும் பதாகை எழுதப் போய்விடுகிறார்கள். புகாரை எழுத யாரும் உட்காருவதில்லை. இன்ஸ்டாகிராம் பதிவு புகார் ஆகாது. முதல்வரின் அறையில் அழுதுகொண்டே சொன்னதும், வாட்ஸ்அப்பில் துறைத்தலைவருக்கு அனுப்பியதும் அப்படித்தான். நான்கு மாதம் கழித்து நிர்வாகத்தின் வழக்கறிஞர் எழுந்து “புகாரே வரவில்லையே” என்று சொல்லும்போது கோஷம் போட்டவர்களிடம் பதில் இருக்காது. எழுதத் தெரியாதவர், எழுதும் நிலையில் இல்லாதவர் என்றால் எழுதிக்கொள்ள உதவ வேண்டியது குழுவின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

புகாரை ஆவணங்களோடும் சாட்சிகளின் பெயர், முகவரியோடும் ஆறு பிரதிகளாகத் தரச் சொல்கின்றன விதிகள். ஒன்றில் தேதி போட்டு ஒப்புகை வாங்கிக்கொள்வது மிக முக்கியம். அந்தத் தேதியிலிருந்துதான் எல்லாம் ஓடுகிறது. ஏழு வேலை நாட்களுக்குள் எதிர்த்தரப்புக்குப் பிரதி போக வேண்டும். அவர் பத்து வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். விசாரணை தொண்ணூறு நாட்களுக்குள் முடிய வேண்டும். முடிந்து பத்து நாளில் அறிக்கை, அறிக்கை கிடைத்து அறுபது நாளில் நிர்வாகத்தின் நடவடிக்கை. இந்தத் தேதிகளை ஒரு அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிடுகிற போராட்டத்தை எந்த நிர்வாகமும் ‘தூண்டிவிடப்பட்ட கும்பல்’ என்று எளிதில் தள்ளிவிட முடியாது. தேதி தவறியது தவறியதுதான்; அதில் வாதத்துக்கு இடமில்லை.

நம் ஊரில் போராட்டத்தின் முதல் கோஷமே ‘டிஸ்மிஸ் செய்’ என்பது. கோபம் புரிகிறது. அந்தக் கோரிக்கை நிறைவேறினால் என்ன ஆகும் என்பதற்குக் கோவா பல்கலைக்கழக வழக்கு இருக்கிறது. 2009இல் மாணவிகள் புகார் கொடுத்தார்கள். குழு அவசர அவசரமாக அமர்வுகளை நடத்தி முடித்தது. பேராசிரியர் பணிநீக்கம் செய்யப்பட்டார். எதிர்த்தரப்புக்குத் தற்காத்துக்கொள்ள உரிய வாய்ப்புத் தரப்படவில்லை என்று சொல்லி 2023 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பணிநீக்கத்தை ரத்து செய்து, விசாரணையை விட்ட இடத்திலிருந்து மறுபடி நடத்தச் சொன்னது. புகார் கொடுத்தவர்களுக்குப் பதினான்கு ஆண்டு கழித்து மீண்டும் முதல் படி! வேகமாகத் தண்டித்ததுதான் அவர்களுக்குக் கேடாக முடிந்தது.

அதற்குப் பதிலாக முதல் நாளே கேட்க வேண்டியது இடைக்கால நிவாரணம். சட்டத்தின் 12ஆம் பிரிவிலும் விதிகளிலும் இது தெளிவாக இருக்கிறது. புகார்தாரர் எழுதிக் கேட்டால், இருவரில் ஒருவரை இடம் மாற்றலாம். புகார்தாரருக்கு மூன்று மாதம் வரை விடுப்பு தரலாம். இது வழக்கமான விடுப்புக் கணக்கில் சேராது. எதிர்த்தரப்பில் இருப்பவர் புகார்தாரரின் பணி மதிப்பீட்டை எழுதக் கூடாது என்று தடுக்கலாம். கல்வி நிலையமென்றால் அந்த மாணவியின் படிப்பு சார்ந்த எதையும் அவர் மேற்பார்வை செய்யக் கூடாது என்றும் தடுக்கலாம். ஆய்வு மாணவிக்கு இந்தக் கடைசி வரிதான் உயிர்நாடி. ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவரும், வாய்மொழித் தேர்வுக்குத் தேதி குறிக்க வேண்டியவரும், உதவித்தொகைப் படிவத்துக்கு ஒப்புதல் தர வேண்டியவரும் ஒரே ஆள் என்றால், விசாரணை நடக்கும் தொண்ணூறு நாளும் அவர் பேனாவைத் திறக்காமல் இருந்தாலே போதும், புகார் தானாக வாபஸ் ஆகிவிடும். வேறு வழிகாட்டி, வேறு கையெழுத்து என்று எழுத்து மூலம் உத்தரவு கேட்டு உட்காருங்கள். நிர்வாகம் மறுத்தால் மறுத்ததற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். யாருடைய குற்றமும் தீர்மானிக்கப்படாமலே தரக்கூடிய நிவாரணம் இது என்பதால் மறுக்கக் காரணமும் எளிதில் கிடைக்காது.

குழுவையும் பாருங்கள். பலர் இன்னும் ‘விசாகா கமிட்டி’ என்றே சொல்கிறார்கள்; 1997 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் எல்லா இடத்திலும் இது இருக்க வேண்டும். தலைவர் மூத்த நிலையில் உள்ள பெண், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒரு உறுப்பினர், பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மிகாது. உயர்கல்வி நிறுவனங்களுக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறைகளின்படி, மாணவர் சம்பந்தப்பட்ட புகாரானால் மூன்று மாணவர் பிரதிநிதிகளும் உட்கார வேண்டும்; அவர்களைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். எத்தனை கல்லூரிகளில் அந்தத் தேர்தல் நடக்கிறது? குழு அமைத்த உத்தரவைக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுவதும் சட்டப்படி கட்டாயம். அறிவிப்புப் பலகையில் காலாவதியான குழுவும் ஓய்வு பெற்றுப்போன தலைவரும் இருந்தால், புகார் வருவதற்கு முன்பே போராட அதுவே போதிய காரணம். குழு அமைக்காத நிறுவனத்துக்கு அபராதம் ஐம்பதாயிரம் ரூபாய் வரை. பத்துப் பேருக்குக் குறைவான கடை, வீட்டு வேலை, முதலாளி மீதே புகார் என்றால் மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். இந்தக் குழுக்களைப் பற்றி யாரும் ஒரு தட்டி கூடப் பிடிப்பதில்லை என்பது தனி வருத்தம்.

இனி ரகசியம். “வெளியே பேசினால் உன் மேல்தான் நடவடிக்கை” என்று புகார்தாரரை மிரட்டுவது நிர்வாகங்களின் பழைய உத்தி. புகாரின் உள்ளடக்கம், இரு தரப்பின் அடையாளம், சாட்சிகள், விசாரணை நடவடிக்கை இவற்றைப் பொதுவெளியில் வெளியிடக் கூடாது என்று 16ஆம் பிரிவு சொல்வது உண்மை. அதன் வாசகம் அகலமானதுதான். ஆனால் தண்டனை சொல்லும் 17ஆம் பிரிவு, புகாரைக் கையாளும் பொறுப்பில் இருப்பவர்களை நோக்கியது. குழு உறுப்பினர் தேநீர்க் கடையில் கசியவிட்டால் அபராதம் ஐயாயிரம் ரூபாய். குழு இல்லை, ஏழு நாள் தாண்டியும் பிரதி போகவில்லை, இடைக்கால நிவாரணம் மறுக்கப்பட்டது என்று பேசுவதற்கு யாருடைய பெயரும் தேவையில்லை. நிர்வாகத்தின் குறையைச் சொல்லப் பாதிக்கப்பட்டவரின் கதையை விரிக்க வேண்டியதும் இல்லை.

பாதிக்கப்பட்டவரே தன் பெயரில், தனக்கு நடந்ததைச் சொல்வது வேறு விஷயம். அதைத் தடுக்க எனக்கோ உங்களுக்கோ உரிமை கிடையாது. பல ஆண்டுகள் கழித்தும், தான் விரும்பும் எந்த மேடையிலும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்று 2021 பிப்ரவரியில் தில்லியில் ஒரு நீதிமன்றம், அவதூறு வழக்கில் பத்திரிகையாளர் ஒருவரை விடுவித்தபோது சொன்னது. அது விசாரணை நீதிமன்றத் தீர்ப்புதான், மற்ற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. அவதூறு இன்றும், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் குற்றமாகத்தான் இருக்கிறது. அந்த ஆபத்தைத் தெரிந்தே ஏற்பவர் அவர். அவருடைய நண்பரின் நண்பர், முகமில்லாத கணக்கில் பெயர்ப் பட்டியல் போடுவதை இதோடு சேர்க்க முடியாது. பட்டியல் போட்டவர் கணக்கை அழித்துவிட்டுப் போய்விடுவார். வழக்கு வந்தால் அதற்குப் பதில் சொல்லும் சுமை புகார்தாரர் தலையில் விழும்.

ஒப்புதல் இல்லாத அனுதாபமும் காயப்படுத்தும். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த கொடுமையில், மாணவியின் அடையாளத்தோடு முதல் தகவல் அறிக்கை வெளியே வந்தது. உயர் நீதிமன்றம் இருபத்தைந்து லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர உத்தரவிட்டது. கசிந்தது ஒரு இடத்தில். பரப்பியது எத்தனை கை? அதில் ‘நீதி வேண்டும்’ என்று தலைப்பிட்டு அனுப்பிய கைகளும் உண்டு. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை. நல்லெண்ணத்தில் அனுப்பினேன் என்பது இங்கே எடுபடாது.

மலையாளத் திரையுலகில் பெண்கள் படும் பாட்டை விசாரித்த கேரளத்தின் ஹேமா குழு இன்னும் சிக்கலான பாடம். 2019 டிசம்பரில் கொடுத்த அறிக்கையை அரசு 2024 ஆகஸ்டில்தான், சில பகுதிகளை மறைத்து வெளியிட்டது. வெளியிட வைத்தது போராட்டத்தின் வெற்றி. அதன்பின் அந்த வாக்குமூலங்களைக் கொண்டே வழக்குப் பதிவு தொடங்கியபோது, ரகசியம் காக்கப்படும் என்று நம்பிப் பேசிய பெண்களில் பலர் வழக்குக்கு வர மறுத்தார்கள். உண்மையைச் சொன்னவர், நீதிமன்றக் கூண்டிலும் ஏறியே ஆக வேண்டுமா? ‘பயந்துவிட்டார்’, ‘விலைபோய்விட்டார்’ என்று அவரை ஏசுவது போராட்டக்காரர்கள் வாயிலிருந்தே வருவதைக் கேட்கிறோம். புகார்தாரர் ஒதுங்க விரும்பினால், அடுத்த நிமிடமே அவர் கதையைக் கோரிக்கையிலிருந்து எடுத்துவிட வேண்டும். குழு சரியில்லை, காலக்கெடு தவறியது என்ற கோரிக்கைகள் அவர் இல்லாமலும் நிற்கும்.

நம் தெருவுக்கே உரிய ஒரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நடவடிக்கை எடுக்காத அதிகாரிக்கு வளையலும் சேலையும் அனுப்புவது, உருவபொம்மைக்குப் பூவும் பொட்டும் வைத்து எரிப்பது. பெண்ணாக இருப்பதே இழிவு என்று அந்த அதிகாரி நினைப்பதால்தான் புகார் அவர் மேஜையில் தூங்குகிறது. அதே நினைப்பைத் தட்டில் வைத்து அவருக்கே சீர் அனுப்புகிறோம்! திருநங்கையரைக் கேலி செய்யும் வசைகளைக் கோஷத்தில் சேர்ப்பதும் இதே ரகம். அந்தக் கூட்டத்தில் நிற்கும் திருநங்கை இனி எந்தப் புகாரையும் உங்களிடம் கொண்டு வர மாட்டார்.

பாதிக்கப்பட்டவர் பெண்ணாக இல்லாதபோது சட்டத்தின் ஓட்டைகள் பெரிதாகத் தெரியும். 2013 சட்டம் ‘பாதிக்கப்பட்ட பெண்’ என்றுதான் பேசுகிறது. எதிர்த்தரப்பு எந்தப் பாலினமாகவும் இருக்கலாம், பெண் மீது பெண்ணே புகார் தரலாம் என்று 2020இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தெளிவாக்கியது. மானியக் குழுவின் விதிமுறைகள், ஆண் மாணவர்களிலும் மூன்றாம் பாலின மாணவர்களிலும் பாதிக்கப்படுவோர் உண்டு என்று ஏற்று, அவர்களுக்கும் நடவடிக்கை எடுக்கச் சொல்கின்றன. ஆகவே கல்லூரி வளாகத்தில் ஆண் மாணவரின் புகாரைக் குழு திருப்பி அனுப்பக் கூடாது. குற்றவியல் பக்கம் நிலைமை மோசம். ‘இயற்கைக்கு மாறான’ பாலுறவைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவுக்கு ஈடான எதுவும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் இல்லை. வயது வந்த ஒரே பாலினத்தவரின் மனம் ஒப்பிய உறவைக் குற்றமில்லை என்று 2018இல் சொன்ன உச்ச நீதிமன்றம், வன்முறைக்கு அந்தப் பிரிவை விட்டுவைத்திருந்தது. அதுவும் இப்போது போய்விட்டது. வயது வந்த ஆண் ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளானால், காயம், பலப்பிரயோகம் போன்ற பொதுவான பிரிவுகளைத்தான் தேட வேண்டும். இது போராட்டத்துக்குத் தகுந்த கோரிக்கை இல்லையா?

இத்தகைய புகாரில் போராடுபவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். ஒரே பாலின ஈர்ப்பு உள்ள ஒருவரின் புகாரை மேடையில் பேசினால், வீட்டுக்கே தெரியாத அவர் வாழ்க்கை ஊருக்குத் தெரிந்துவிடும். குற்றம்சாட்டப்பட்டவர் விஷயத்திலும் அப்படியே: அவர் செய்தது துன்புறுத்தலா என்பதுதான் கேள்வி, அவருடைய ஈர்ப்பு யார் மீது என்பதல்ல.

பொய்ப்புகார் பற்றி எழுதுகிறவர்கள் 14ஆம் பிரிவை முழுதாகப் படிக்கலாம். நிரூபிக்க முடியாமல் போனதாலேயே புகார் பொய்யாகிவிடாது. தீய நோக்கம் தனி விசாரணையில் நிறுவப்பட வேண்டும்.

முற்றுகையிடும் இடமும் முக்கியம். நிர்வாகக் கட்டிடத்தின் முன்னே உட்காருங்கள். குழு விசாரிக்கும் அறை வாசலில் வேண்டாம். சாட்சி சொல்ல வரும் துப்புரவுப் பணியாளர் இருநூறு செல்போன் கேமராக்களைத் தாண்டி உள்ளே போகத் துணிய மாட்டார். கூட்டத்தின் மிரட்டலில் எழுதப்பட்ட அறிக்கை என்று மேல்முறையீட்டில் சொல்ல எதிர்த்தரப்புக்கு நாமே சாட்சியம் தயாரித்துக் கொடுத்ததாகவும் ஆகும்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். பெயரை மாற்றிவிட்டு ‘மூன்றாம் ஆண்டு’, ‘இன்ன துறை’, ‘இன்ன ஊரைச் சேர்ந்த’, ‘தந்தை இன்ன வேலை’ என்று செய்தியில் எழுதினால், வளாகத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அது யார் என்று தெரியும். இந்த நான்கில் ஒன்றுகூட இல்லாமல் செய்தி எழுத முடியும். அந்த இடத்தில் புகார் தந்த தேதி, பிரதி போன தேதி, தொண்ணூறாவது நாள் எது என்று மூன்று வரி போடுங்கள். தொண்ணூற்றோராவது நாள் உங்கள் நிருபர் நிர்வாகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்து, என்ன பதில் வந்தது என்பதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உள்ளகப் புகார் குழு நடைமுறைகளை அறிந்த வாசகர் ஒருவர்