அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள், அப்பா

திபிலிசி, ஜார்ஜியா,
23 நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று அம்மா போனில் சொன்னதிலிருந்து மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. என்னை அனுப்பிவைத்த அதே ஏஜென்ட் மறுபடியும் வீட்டுக்கு வந்தாராம். பாப்பாவுக்கும் இங்கே எம்பிபிஎஸ் சேரப் பிப்ரவரி பேட்ச்சில் இடம் இருக்கிறதாம், பத்து நாளுக்குள் ஒரு லட்சம் அட்வான்ஸ் கட்டினால் போதுமாம். நெல்லூர்பேட்டை மனைக்கு நீங்கள் ஆள் பார்க்க ஆரம்பித்துவிட்டதாகவும் அம்மா சொன்னாள். போனில் பேசினால் நான் அழுதுவிடுவேன், நீங்களும் "சரிம்மா, பார்த்துக்கலாம்" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கையால் எழுதி, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். தறிச் சத்தம் அடங்கிய பிறகு நிதானமாகப் படியுங்கள். பாப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

நான் நன்றாக இருக்கிறேன். குளிர் இறங்கிவிட்டது. வீட்டுக்குக் கீழேயே ஷோத்தி ரொட்டி சுடும் கடை இருக்கிறது. தந்தூரி அடுப்பு மாதிரி மண்ணில் செய்த குழி அடுப்பு. உள்சுவரில் மாவை ஒட்டி எடுத்தால் தோணி மாதிரி நீளமாக வரும். காலையில் சூடாக ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் வகுப்பு போய்ச் சேரும்வரை முதுகு கதகதப்பாக இருக்கும். சந்தையில் கொத்தமல்லி கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது, கறிவேப்பிலைதான் கிடையாது. கத்திரிக்காயை வதக்கி, வால்நட் அரைத்துத் தடவி, மேலே மாதுளை முத்து தூவித் தருவார்கள். அதைச் சாப்பிடும்போதெல்லாம் ஆம்பூர் பிரியாணிக்கு வைக்கிற கத்திரிக்காய் ஞாபகம் வந்துவிடும். ராத்திரி பத்து மணிக்கும் தனியாக மெட்ரோவில் வருகிறேன், இதுவரை ஒருவரும் தொந்தரவு செய்ததில்லை. இந்த ஊர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மீதியைப் படித்துவிட்டு, நான் இங்கே கஷ்டப்படுகிறேன் என்று அம்மா சாப்பிடாமல் கிடக்கக் கூடாது.

2021 நவம்பரில் நான் கிளம்பியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போன மாதம் அது. நீட் ரிசல்ட் அந்த மாதம் 1-ஆம் தேதிதான் வந்தது, மாதம் முடிவதற்குள் நான் விமானத்தில். யோசிக்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் அப்போது என்ன சொன்னீர்கள்? "இன்னும் ஒரு வருஷம் எழுதும்மா, வேலூரில் கோச்சிங் சேர்த்துவிடுறேன்" என்றீர்கள். நான்தான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உண்மையான காரணத்தை இன்றுவரை உங்களிடம் சொன்னதில்லை. படிக்கப் பயமில்லை அப்பா, வெட்கம். கல்யாண வீட்டிலும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வரும் சொந்தக்காரர்களிடமும் "என்னம்மா பண்றே?" என்ற கேள்விக்கு "வீட்டில இருக்கேன், மறுபடி எழுதப் போறேன்" என்று சொல்ல என்னால் முடியாது என்று தோன்றியது. "வெளிநாட்டில் எம்பிபிஎஸ் படிக்கிறேன்" என்று சொல்வது சுலபமாக இருந்தது. அந்த ஒரு பதிலுக்காக நீங்கள் இதுவரை முப்பத்தைந்து லட்சம் செலவழித்திருக்கிறீர்கள்.

அந்தக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். ஏஜென்ட் நோட்டில் எழுதிக் காட்டியது ஆறு வருடத்துக்கும் சேர்த்து இருபத்தைந்து லட்சம். என் கல்லூரி ஃபீஸ் வருடம் 5,500 டாலர், அது ஏறவே இல்லை. ஆனால் நான் சேர்ந்தபோது டாலர் 74 ரூபாய், இப்போது 88-ஐத் தாண்டிவிட்டது. அன்றைக்கு நாலு லட்சத்து ஏழாயிரம் கட்டிய அதே ஃபீஸுக்கு இந்த வருடம் நாலே முக்கால் லட்சத்துக்கு மேல் கட்டினீர்கள். அறை வாடகை, சாப்பாடு, விசா, இன்ஷூரன்ஸ் எதுவும் அந்த நோட்டில் இல்லை. ஹாஸ்டலில் தமிழ்நாட்டுச் சாப்பாடு என்றார், அந்த மெஸ் இரண்டு மாதத்தில் மூடிவிட்டார்கள். நம் ஊரில் தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தால் வருடத்துக்கு நாலரை லட்சத்தை ஒட்டித்தான் வரும். மேனேஜ்மென்ட் கோட்டா என்றால் அது பதின்மூன்றரை லட்சம், நமக்கு ஆகாது. அரசுக் கல்லூரி கிடைத்தால் சில ஆயிரங்களோடு முடிந்துவிடும். வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் அடுக்கம்பாறைக்கு நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம்.

"ஒரு வருஷம் வீணாகுமே" என்று ஏஜென்ட் பயமுறுத்துவார். என்னிடமும் அதைத்தான் சொன்னார். அவர் சொல்வதை நாள்காட்டி வைத்துப் பாருங்கள். பாப்பா 2026 பிப்ரவரியில் இங்கே சேர்ந்தால் ஆறு வருடம், 2032 தொடக்கத்தில் பட்டம். அதோடு டாக்டர் ஆகிவிட முடியாது. ஊருக்கு வந்து, வெளிநாட்டில் படித்தவர்களுக்கென்று வைக்கிற எஃப்எம்ஜிஇ ஸ்கிரீனிங் டெஸ்ட் எழுத வேண்டும். வருடத்துக்கு இரண்டே தடவை, ஜூனிலும் டிசம்பரிலும். 300 கேள்வி, 150 எடுத்தால் பாஸ். சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது, ஆனால் பெரும்பாலான தடவைகளில் எழுதியவர்களில் கால் பங்கு பேர்கூட தேறுவதில்லை. முதல் தடவையே தேறினாலும், அதற்கப்புறம் நம் ஊரில் ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன் செய்ய வேண்டும். 2033 பாதிக்கு மேல் ஆகிவிடும். இதே பாப்பா ஒரு வருடம் வீட்டிலிருந்து படித்து, 2026 நீட்டில் இடம் வாங்கிச் சேர்ந்தால், நாலரை வருடப் படிப்பு, ஒரு வருட ஹவுஸ் சர்ஜன், 2032 கோடைக்குள் எல்லாம் முடிந்து டாக்டர். வீணாகிறது என்று சொல்லப்படுகிற அந்த வருடத்தைச் செலவு செய்தவள்தான் முன்னால் வந்து நிற்பாள்.

என்னோடு மூன்றாம் வருடத்தில் வந்து சேர்ந்த ஒரு பையன் உக்ரைனில் கார்கிவில் படித்துக்கொண்டிருந்தவன். 2022 பிப்ரவரியில் போர் வந்ததும் ருமேனியா எல்லைவரை போய்த் தப்பித்து வந்தவன். வெளிநாட்டில் படிக்கிறவர்கள் ஒரே கல்லூரியில் தொடங்கி அங்கேயே முடிக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி, இவர்களுக்காகத்தான் தளர்த்தினார்கள். போன மாதம் இங்கேயும் அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர்களை எடுப்பதைப் பெரும்பாலும் நிறுத்தப்போவதாக இந்த நாட்டுப் பிரதமர் அறிவித்தார். படித்துக்கொண்டிருக்கும் எங்களுக்குப் பாதிப்பில்லை என்கிறார்கள். ஆனாலும் அன்றைக்கு எங்கள் வகுப்பில் யாரும் பாடத்தைக் கவனிக்கவில்லை. நம்முடைய கையில் ஒன்றும் இல்லாத ஒரு விஷயத்தில் நாம் மனையை விற்றுப் போடுகிறோம் என்பதை மட்டும் யோசியுங்கள்.

இதெல்லாம் பணமும் நாளும். இவற்றைவிடப் பெரிதாக எனக்குப் படுகிற ஒன்று இருக்கிறது, அதைப் பொறுமையாகச் சொல்கிறேன்.

எங்களுக்குப் பாடம் இங்கிலீஷில். புத்தகம் நல்ல புத்தகம், சில ஆசிரியர்கள் தங்கமானவர்கள். ஆனால் நோயாளிகள் பேசுவது ஜார்ஜிய மொழி. வயதானவர்களுக்குக் கூடவே ரஷ்யனும் வரும். அந்த மொழிக்குத் தனி எழுத்து, 33 எழுத்துகள். இரண்டு வருடம் எங்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார்கள். 'சாத் க்ட்கிவாத்?' என்றால் எங்கே வலிக்கிறது என்று அர்த்தம். அதை நான் தெளிவாகக் கேட்பேன். நோயாளி பதில் சொல்ல ஆரம்பித்ததும் முழிப்பேன்.

போன வாரம் குழந்தைகள் வார்டில் நாங்கள் பன்னிரண்டு பேர் ஒரு கட்டிலைச் சுற்றி நின்றோம். நாலு வயசுப் பையன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். அவன் அம்மா தலையைத் தடவி, "ரா க்ட்கிவா, தேதா?" என்று கேட்டாள். தேதா என்றால் இவர்கள் மொழியில் அம்மா. இந்த ஊரில் தாய்மார்கள் தங்கள் பிள்ளையையே 'அம்மா' என்று கூப்பிடுகிறார்கள் அப்பா, நீங்கள் என்னை "என்னம்மா" என்று கூப்பிடுகிற மாதிரியே. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்தப் பையன் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக என்னென்னவோ சொன்னான். அவன் அம்மா தலையாட்டிக் கேட்டாள், பேராசிரியர் கேட்டார், எழுதிக்கொண்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஒரே வரியில், "அப்டாமினல் பெயின், இரண்டு நாளாக" என்றார். அவ்வளவு நீளமாகச் சொன்னதில் எங்களுக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு வரிதான்.

அன்றைக்கு ராத்திரி ஆயா ஞாபகமாகவே இருந்தது. குடியாத்தம் அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் ஆயா என்ன சொல்வாள்? "பிசையுதும்மா, அப்புறம் முதுகுப் பக்கம் இழுக்குது, சாப்பிட்டா காந்துது, ராத்திரியில சுருக்கு சுருக்குனு குத்துது" என்பாள். பிசைவதும் காந்துவதும் குத்துவதும் வேறு வேறு வலி என்று இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். ஆயா சொன்ன அந்த நாலு வார்த்தையில் பாதி நோய் தெரிந்துவிடும். அதை ஐந்து வருடம் தினமும் கேட்டுக் கேட்டு வளர்கிறாள் அடுக்கம்பாறையில் படிக்கிற பெண். நான் கேட்கவில்லை. வேலூர் காந்தி ரோட்டில் லாட்ஜ் வாசலில் வங்காளி எழுத்தில் போர்டு பார்த்திருப்பீர்களே, சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்து வந்து பாஷை தெரியாமல் ஃபைலைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். சின்ன வயசில் அவர்களைப் பார்த்து எனக்குப் பாவமாக இருக்கும். இப்போது கோட்டு போட்டுக்கொண்டு வார்டில் நான் அப்படி நிற்கிறேன். ஊருக்கு வந்து ஹவுஸ் சர்ஜன் செய்யும்போது முதலிலிருந்து கற்றுக்கொள்வேன், அதற்கு நான் தயாராகத்தான் இருக்கிறேன். பாப்பாவுக்கு இன்னும் அந்த வாய்ப்பு கையில் இருக்கிறது. அதை ஏன் இப்போதே விட வேண்டும்?

பாப்பா, இனி உனக்கு. நீட்டில் வாங்கிய 431-ஐ வைத்து அழாதே. 2024-ல் முதல் ரிசல்ட்டில் 67 பேர் 720-க்கு 720 வாங்கினார்கள், திருத்திய பிறகும் 17 பேர். இந்த வருடம் நாட்டிலேயே முதல் மார்க் 686. இயற்பியல் அவ்வளவு கஷ்டமாக வந்தது, கட் ஆஃபும் மளமளவென்று இறங்கியது. அதனால் மார்க்கைப் பார்க்காதே, ரேங்க்கைப் பார். உன் மார்க்கைப் பிரித்துப் பார்த்தேன்: உயிரியல் 282, வேதியியல் 98, இயற்பியல் 51. உயிரியலில் இவ்வளவு வாங்குகிறவள் உழைக்காதவள் இல்லை. இயற்பியலில் தெரியாத கேள்விக்கும் கையை வைத்து மைனஸ் வாங்கியிருக்கிறாய். தப்பாகப் போட்டதில் பதினாறைச் சரியாகப் போட்டிருந்தால் 80 மார்க், உனக்கு வேண்டியது அதைவிடக் குறைவுதான். கோச்சிங்கில் மறுபடி எல்லாப் பாடமும் முதலிலிருந்து உட்கார வைக்கிற இடத்தில் சேராதே. இயற்பியலுக்குத் தனியாக ஒரு நல்ல சார் பார், வேதியியலுக்குப் பழைய கேள்வித்தாள் போடு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு உனக்குக் கிடைக்காது, நீ படித்தது அரசு உதவிபெறும் பள்ளி. யாராவது கிடைக்கும் என்று சொன்னால் நம்பி ஏமாறாதே. கால்நடை மருத்துவத்துக்கும் விண்ணப்பம் போட்டு வை, அதற்கு ப்ளஸ் டூ மார்க்தான் பார்க்கிறார்கள். உனக்கு ஆடு மாடு பிடிக்கும் என்பதற்காகச் சொல்கிறேன், ஆறுதலுக்காக அல்ல.

அப்பா, ஏஜென்ட் சொல்லாத ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் சேர நீட் தகுதி மூன்று வருடம் செல்லும். இந்த வருடம் பாப்பா வாங்கிய தகுதி 2028 ஜூன் வரைக்கும் அப்படியே இருக்கும். அடுத்த மே மாதம் எழுதி இடம் கிடைக்காமல் போனால்கூட, அப்போது அவளை வெளியே அனுப்பலாம். எந்தக் கதவும் மூடவில்லை. பத்து நாள் கெடு அவருடைய கமிஷனுக்கு, பாப்பாவுக்கு அல்ல.

அப்போது அனுப்புவதாக இருந்தால் நான் இருக்கிறேன், ஏஜென்ட் வேண்டாம். கல்லூரிக்கு நானே நேராக எழுதிக் கேட்கிறேன். படிப்பு 54 மாதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா, பயிற்சி வருடம் அதே கல்லூரியில்தானா, முடித்ததும் அந்த நாட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற அதே மருத்துவப் பதிவு நம் பிள்ளைக்கும் கிடைக்குமா என்று கேட்க வேண்டும். 2021 நவம்பரில் வந்த விதிகளில் இதெல்லாம் கட்டாயம் ஆகிவிட்டது. அதே மாதம் விமானம் ஏறிய நான் அதில் ஒன்றையும் கேட்கவில்லை. போன வருடம்தான் ஒவ்வொன்றாக அலைந்து காகிதம் வாங்கினேன். வாங்கும்வரை எத்தனை ராத்திரி தூங்கவில்லை என்று உங்களுக்குச் சொன்னதில்லை.

நான் வந்தது தப்பு என்று சொல்லவில்லை. வந்துவிட்டேன், முடிப்பேன். ஒரு வருடமாகத் தினமும் காலையில் எஃப்எம்ஜிஇ கேள்வி ஐம்பது போட்டுவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறேன். நீங்கள் எனக்காக ஓட்டிய தறி வீண் போகாது.

மனைக்கு யாரும் முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏஜென்ட் வந்தால் பெரியவளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள், என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன். சனிக்கிழமை உங்களுக்கு ராத்திரி ஒன்பதரை, எனக்கு எட்டு, அப்போது கூப்பிடுகிறேன். அன்றைக்கு முதலில் பாப்பாவிடம் போனைக் கொடுங்கள். நீங்களும் அம்மாவும் கொஞ்ச நேரம் வெளித் திண்ணையில் இருங்கள். அவள் என்ன நினைக்கிறாள் என்று இதுவரை யாரும் அவளிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

டிசம்பர் கடைசியில் வாணியம்பாடிப் பெண் ஒருத்தி ஊரிலிருந்து திரும்பி வருகிறாள். அவளிடம் கறிவேப்பிலையை நிழலில் காயவைத்துக் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள், பச்சையாக வேண்டாம், போன தடவை கறுத்துவிட்டது. உங்கள் கண்ணாடியை மாற்றிக்கொள்ளுங்கள், அம்மா சொன்னாள், இன்னும் பழைய பவர்தானாம்.

அன்பு மகள்,
பெரியவள்