ஆளுநருடன் அவைக் கணக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க மாநில ஆளுநரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதிகாரத்தில் ஏறத்தாழ நம் முதல்வர் மாதிரி. அதனால் அந்தப் பதவி கட்சி மாறியதுமே ஆட்சி மாறிவிட்டதாக எழுதிவிடுகிறோம். அது பாதிதான் உண்மை.

2022-இல் அரிசோனாவில் ஜனநாயகக் கட்சியின் கேட்டி ஹாப்ஸ் சுமார் 17,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஆனால் சட்டமன்றத்தின் இரு அவைகளும் குடியரசுக் கட்சியிடமே இருந்தன. மறு ஆண்டில் மட்டும் அவர் 143 மசோதாக்களைத் தன் மறுப்பதிகாரத்தால் நிறுத்தினார். அதை மீற இரு அவைகளிலும் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை; மிகக் குறுகிய பெரும்பான்மை வைத்திருந்த எதிர்த்தரப்பால் அது முடியவில்லை. 2025-இல் வர்ஜீனியா ஆளுநர் பதவியை அதே ஜனநாயகக் கட்சியின் அபிகெய்ல் ஸ்பான்பெர்கர் கைப்பற்றியபோது நிலைமையே வேறு. அங்கே இரு அவைகளும் அவர் கட்சியிடம்.

2026 நவம்பரில் 36 மாநிலங்களில் ஆளுநர் தேர்தல். முடிவுகளோடு அவைகளின் இடக்கணக்கையும் தயவுசெய்து அச்சிடுங்கள்.