தோமையார் கையில் மூலைமட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ரோம் பயணக் கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் மார்மன் கோயிலைப் பற்றிய பத்தியில் இரண்டு பிழைகள்.

கட்டுரையாளர் 'கோயிலுக்குள்ளே பளிங்குச் சிலைகளைப் பார்த்தோம்' என்கிறார். அவர் பார்த்தது கோயில் அல்ல, அதே வளாகத்தில் இருக்கும் பார்வையாளர் மையம். மார்மன் என்று நாம் சொல்லும் சபையின் முழுப்பெயர், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 2019 மார்ச்சில் பிரதிஷ்டை ஆன பிறகு, அந்தக் கோயிலுக்குள் சபையார் மட்டுமே போக முடியும், அதுவும் அனுமதிச் சீட்டு இருந்தால்தான். மையத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். நாங்களும் மகளோடு அங்கேதான் போனோம். கண்ணாடிச் சுவரை ஒட்டி, இரு கைகளையும் விரித்தபடி இயேசு. அவருக்கு இருபுறமும் சீடர்கள். "மெழுகுவத்தி எங்கே ஏற்றுவது?" என்று என் மனைவி மெதுவாகக் கேட்டாள். வேளாங்கண்ணிக்குப் போய் வந்த பழக்கம். அங்கே மெழுகுவத்தியும் இல்லை, மாலையும் இல்லை. அவை கும்பிடுவதற்கு வைத்த சிலைகள் அல்ல.

இன்னொரு பிழை, 'யூதாஸ் உட்பட பன்னிரு சீடர்கள்' என்பது. யூதாஸ் அங்கே இல்லை, அவர் இடத்தில் பவுல் நிற்கிறார். அங்கே இருப்பவை நகல்கள்; மூலச் சிலைகளைச் செய்த சிற்பி தோர்வால்சனே அப்படித்தான் செய்தார். அவர் டென்மார்க்காரர், ஆனாலும் நாற்பது ஆண்டுகள் போல ரோமிலேயே பட்டறை வைத்திருந்தவர். புராட்டஸ்டண்டாக இருந்தும், புனித பேதுரு பேராலயத்தில் ஏழாம் பயஸ் போப்பாண்டவரின் கல்லறைச் சிற்பம் இவர் செய்ததுதான். சீடர்களின் வரிசையை அவர் கோபன்ஹேகன் தேவாலயத்துக்காகச் செய்தார். ரோமில் உருவாகி டென்மார்க் போன சிலைகளுக்கு, இத்தனை காலம் கழித்து கராரா பளிங்கில் நகலெடுத்து மறுபடி ரோமிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். கட்டுரையில் இதைச் சொல்லியிருந்தால் சுவையாக இருந்திருக்கும்.

சரி, நான் எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் உங்கள் படக்குறிப்பு. 'கையில் அளவுகோலோடு ஒரு சீடர்' என்று போட்டிருக்கிறீர்கள். ஐயா, அது நம் தோமையார்! அவர் கையில் இருப்பது அளவுகோலும் அல்ல, மூலைமட்டம். கதவு நிலை கோணாமல் நிற்கிறதா என்று ஆசாரி வைத்துப் பார்ப்பாரே, அதேதான். பேதுருவுக்குச் சாவி, பவுலுக்கு வாள் என்பதுபோல இவருக்கு இது அடையாளம். அரண்மனை கட்டச் சொல்லி மன்னர் கொடுத்த பணத்தையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, 'உங்களுக்கு வானுலகில் மாளிகை எழும்பிவிட்டது' என்றாராம் தோமையார். அந்தப் பழங்கதையால் கட்டடக் கலைஞர்களுக்கு அவர் பாதுகாவலர் ஆனார். சிலையில் யோசித்தபடி நிற்கிறார், இயேசு உயிர்த்தெழுந்ததையே சந்தேகப்பட்டவர் அல்லவா.

மற்ற சிலைகளை என் மனைவி ஒரு சுற்றில் பார்த்து முடித்துவிட்டாள். இவர் முன்னால் மட்டும் நின்றுகொண்டே இருந்தாள். தோமையார் பெயரைத் தாங்கிய சாந்தோமில் பிறந்து வளர்ந்தவளுக்கு, ஊர்க்காரரை அயலூரில் பார்த்த மாதிரி. மகள்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

அடுத்த இதழில் படக்குறிப்பை மட்டுமாவது திருத்திப் போடுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்ள வீட்டில் ஓர் ஆள் காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மயிலாப்பூர், சென்னை