நீ கேட்ட பட்டியல்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய அறக்கட்டளைப் பத்திர வரைவை இரண்டு முறை படித்தேன். எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி மேற்படிப்பை முடித்த கையோடு, எச்.ஐ.வி. பாதித்த குடும்பங்களுக்காக ஓர் அமைப்பு தொடங்கப்போகிறேன் என்று நீ வந்து நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நீ படியிறங்கிப் போகும்வரை அடக்கிக்கொண்டிருந்து அதற்கப்புறம்தான் அழுதேன்.

வரைவோடு இரண்டு விஷயம் கேட்டிருந்தாய். அமைப்புக்கு என்ன பெயர் வைக்கலாம், இத்தனை வருஷமாக நான் பார்த்துவந்த குடும்பங்களின் பட்டியலைத் தர முடியுமா. போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை, அதனால் எழுதுகிறேன். இதே வேலையைத் தொடங்க நினைக்கிற வேறு சிலரும் என்னிடம் இதையே கேட்டிருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும், பொதுவில் போடலாமா என்று கேட்டதற்கு, "தாராளமா போடுங்கக்கா, என் பேரையும் போடுங்க" என்றாய். பெயர் வேண்டாம் தம்பி. உன் ஊரையும் எழுதவில்லை. உன் வீட்டில் யாருக்குத் தொற்று, யாருக்கு இல்லை என்பதும் இந்தக் கடிதத்தில் இருக்காது. உனக்குத் துணிச்சல் இருக்கிறது, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் உன் பெயர் வெளியே வந்தால் உன் அம்மாவும் தங்கச்சியும் கூடவே வெளியே வருகிறார்கள். அவர்களைக் கேட்டாயா?

உனக்கு ஒரு பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் களப்பணிக்கு வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதம். நிதி கொடுக்கும் ஒரு நிறுவனம் நம் பிள்ளைகளுக்கெல்லாம் புத்தகப் பை வாங்கிக் கொடுத்தது. நல்ல கெட்டியான பை, மூன்று ஜிப். முன்பக்கத்தில் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான சிவப்பு ரிப்பன் சின்னம், அதன் கீழே திட்டத்தின் பெயர். நான்தான் மூட்டையாகக் கட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய் வீடு வீடாகக் கொடுத்தேன். பிள்ளைகள் அந்த நிமிஷமே முதுகில் மாட்டிக்கொண்டு தெருவில் ஓடின. அதைப் பார்த்துப் பூரித்துப்போய்த் திரும்பினேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மதுரைப் பக்கம், செக்கானூரணி தாண்டி ஒரு கிராமம். மகனையும் மருமகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்துவிட்டு, இரண்டு பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்த ஓர் அப்பத்தா. அடுத்த மாதம் அந்த வீட்டுக்குப் போனபோது பை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. முன்பக்கத்தில் பழைய சுங்குடிச் சேலையிலிருந்து கத்தரித்த ஒரு சதுரத் துண்டு. சுற்றிலும் பொடிப் பொடியாக, நெருக்கமாகக் கைத்தையல். அரக்குத் துணியில் வெள்ளைப் புள்ளிகள், ஓரத்தில் கொஞ்சம் சாயம் போயிருந்தது. "புதுப் பையாச்சே அப்பத்தா, அதுக்குள்ள கிழிஞ்சிருச்சா?" என்று கேட்டேன்.

"கிழியல தாயி. அந்தச் செவப்பு முடிச்சு ஆஸ்பத்திரிச் செவத்துல இருக்குல்ல. பஸ்ஸுல ஒரு ஆளு உத்து உத்துப் பாத்தான். அதான் மூடிட்டேன். எழுத்து தெரியாத எனக்கே அது என்னன்னு தெரியுது. படிச்ச புள்ள, ஒனக்குத் தெரியலையே."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் காப்பி போட எழுந்து போய்விட்டது. நான் அந்த ஆணிக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தேன். இன்னொரு ஊரில் அதே பையைப் பார்த்து விசாரித்து, ஒரு பெண்பிள்ளையைக் கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார்கள். அரைப்பரீட்சைக்குப் பிறகு அவள் பள்ளிக்கூடமே போகவில்லை. நான் போய்ப் பேசி, கெஞ்சி, ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பையைக் கொண்டுபோய்க் கொடுத்தது என் கை.

அதனால் நீ வரைவில் எழுதியிருக்கும் மூன்று பெயர்களும் வேண்டாம். மூன்றிலும் 'எச்.ஐ.வி.' இருக்கிறது, ஒன்றில் 'எய்ட்ஸ்' இருக்கிறது. உன் அமைப்பின் பெயர் போர்டில் மட்டும் இருக்கப்போவதில்லை. உதவித்தொகைக் காசோலையில் இருக்கும், வங்கிப் பாஸ்புக்கில் வரவு வைக்கும்போது இருக்கும், போஸ்ட்மேன் கொண்டுவரும் கவரில் இருக்கும், நீ போய் நிற்கும் வண்டியில் இருக்கும். ஒரு மரத்தின் பெயரையோ உன் ஊர்க் கண்மாயின் பெயரையோ வை. பத்திரத்தில் நோக்கங்கள் என்று வரும் இடத்தில் எல்லாவற்றையும் தெளிவாக எழுதிக்கொள்ளலாம். அதைப் பதிவுத்துறையும் வருமான வரித்துறையும் படித்தால் போதும்.

அதே அப்பத்தா மாதாமாதம் பேரனுக்கு மாத்திரை வாங்க மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு வரும். ஊரில் யாராவது கேட்டால், "கண்ணாஸ்பத்திரிக்கு" என்று சொல்லும். அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற ஊர் என்பதால் அது எல்லோருக்கும் நம்பும்படியான பதில். பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து, பனகல் சாலையில் வரிசையில் நின்று, திரும்பிப் போகும்போது மாத்திரை டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் பெயர்ச் சீட்டை உரித்து, மாத்திரை குலுங்கிச் சத்தம் போடாமல் இருக்க உள்ளே பஞ்சு அடைத்து, சுருக்குப் பையில் போட்டு முடியும். வீட்டில் அது அரிசிப் பானைக்குள் இருக்கும். அந்தப் பஞ்சை நான் எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன், யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்தது இல்லை.

இன்றைக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. நிலைமை சீராக இருப்பவர்களுக்கு ஒரு மாதத்துக்கு மேலும் சேர்த்து மாத்திரை தருகிறார்கள். ஆனாலும் அந்த ஒரு நாள் கூலி போகிறதே. உன் பட்ஜெட்டில் கட்டடத்துக்கு எழுதியிருக்கும் தொகையைப் பார்த்தேன். கட்டடம் வேண்டாம். விடுதியும் வேண்டாம். நன்கொடை கொடுப்பவர்களுக்கு விடுதி பிடிக்கும், ஏனென்றால் வந்து பார்க்கலாம், போட்டோ எடுக்கலாம். பிள்ளை அப்பத்தாவிடமே இருக்கட்டும், அப்பத்தாவுக்கு வேண்டிய கூலியையும் அரிசியையும் நீ கொடு. குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வத்சல்யா திட்டத்தில் ஆதரவுத் தொகை மாதம் 4,000 ரூபாய் இருக்கிறது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பெற்றோருக்கு உயிருக்கு ஆபத்தான நோய் இருந்தாலும் கேட்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அதற்கு அலைவது உன் வேலை, அப்பத்தாவின் வேலை இல்லை.

உன் முன்னுரையைப் பற்றி ஒன்று. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டறிந்ததை எழுதியிருக்கிறாய். நல்லது. ஆனால் அங்கிருந்து நேராக 'மரணத்தின் பிடியில் தவிக்கும் குடும்பங்கள்' என்று தாவிவிட்டாய். ஏதோ பழைய திட்ட அறிக்கையில் இருந்து எடுத்த வரி அது, எனக்குத் தெரியும், அந்த வரியை நானே எழுதியிருக்கிறேன். 2004-ஐ விட்டுவிட்டாயே தம்பி. அதற்கு முன்னால் மருந்துக்கு மாதம் ஆயிரக்கணக்கில் வேண்டும். தாலியை விற்று இரண்டு மாதம் சாப்பிட்டு நிறுத்தியவர்கள் உண்டு. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. முதலில் தொடங்கிய இடங்களில் ஒன்று தாம்பரம் சானடோரியம். மதுரையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி விடிகாலை தாம்பரத்தில் இறங்குவோம். நடக்க முடியாமல் என் தோளில் சாய்ந்து வந்த ஒரு பெண், ஆறு மாதம் கழித்து எனக்குச் சன்னலோர இடம் பிடித்து வைத்திருந்தாள். இன்றும் இருக்கிறாள், பேத்தி எடுத்துவிட்டாள்.

இப்போது பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. விடாமல் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்துவிட்டால், உடலுறவு மூலம் அது துணைக்குப் பரவாது. கர்ப்பத்திலேயே கண்டுபிடித்துத் தாய்க்கு மாத்திரையும் பிறந்ததும் குழந்தைக்கு மருந்தும் கொடுத்தால், பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கீழே. சிகிச்சை இல்லாவிட்டால் அது 15 முதல் 45 சதவீதம். இதை முன்னுரையில் எழுது. உன்னிடம் வருகிற புதுக் குடும்பம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

பதிவு வேலை பெரிய கம்பசூத்திரம் இல்லை. அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகம், சங்கம் என்றால் 1975-ஆம் வருஷத்துச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும், மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். பான் கார்டு, வங்கிக் கணக்கு, அப்புறம் வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகள். நல்ல ஆடிட்டர் ஒருவர் பார்த்துக்கொள்வார். வெளிநாட்டுப் பணத்தைப் பற்றி மூன்று வருஷத்துக்கு நினைக்காதே. அறங்காவலர்களில் இரண்டு பேராவது தொற்றோடு வாழ்கிறவர்களாக இருக்க வேண்டும், அதை மட்டும் விட்டுக்கொடுக்காதே. யார் அந்த இரண்டு பேர் என்று வெளியே சொல்லவும் வேண்டாம்.

எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் வந்தது, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் நகல் ஒன்று எப்போதும் உன் பையில் இருக்கட்டும். புருஷன் செத்த வீட்டிலிருந்து மருமகளைத் துரத்தினால், அந்த வீட்டில் குடியிருக்க அவளுக்கு உரிமை உண்டு என்று அதில் இருக்கிறது. நீதிமன்றத்துக்குப் போனால் பெயரை மறைத்து வழக்கு நடத்தக் கேட்கலாம். எனக்கு மிகவும் பிடித்த பிரிவு ஒன்று உண்டு. பெற்றோர் இல்லாமலோ முடியாமலோ போன வீட்டில், விவரம் தெரிந்து குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு 12 வயது முடிந்திருந்தால், தம்பி தங்கச்சிக்குக் காப்பாளராக நின்று பள்ளியில் சேர்க்கவும் வங்கிக் கணக்கைப் பார்க்கவும் முடியும். பக்கத்து வீட்டு மாமாவின் கையெழுத்துக்காக நின்ற எத்தனையோ அக்காமார்களை நினைத்து அந்தப் பிரிவை வாசித்தேன். ஓர் அலுவலகத்தில் இதைச் சொன்னபோது அப்படி ஒரு சட்டமே இல்லை என்றார்கள். நகலை மேஜையில் வைத்தேன், வாசித்தார்கள், வேலை நடந்தது.

அதே சட்டம் உன்னையும் என்னையும் கட்டுப்படுத்துகிறது, அதை மறந்துவிடாதே. ஒருவருடைய தொற்று விவரம் நம்பிக்கையின் பேரில் நம் காதுக்கு வந்தால், அவர் எழுத்துமூலம் சம்மதிக்காமல் அதை இன்னொருவரிடம் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

நீ தயாரித்த படிவத்தில் 'தொற்று ஏற்பட்ட விதம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. எடுத்துவிடு. அரிசி கொடுக்க அந்தப் பதில் எதற்கு? 'குழந்தைக்குத் தன் நிலை தெரியுமா' என்ற கட்டத்தை மட்டும் விட்டுவை. அதில் நீ நிறைய நேரம் செலவழிக்க வேண்டியிருக்கும். சத்து மாத்திரை, சளி மாத்திரை என்று சொல்லியே வளர்க்கிறார்கள். பதினோரு வயதில் ஒரு பெண்பிள்ளை, மருத்துவமனையில் வரிசையில் நிற்கும்போது சுவர்த் தாளில் இருந்த மருந்துப் பெயரையும் தன் டப்பாவில் இருந்த பெயரையும் ஒத்துப் பார்த்துத் தானாகவே தெரிந்துகொண்டாள். இரண்டு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரையை ஜன்னல் வழியாகப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். அவளுக்கு வேறு யாரும் முந்திக்கொள்வதற்குள் அம்மாவோ அப்பத்தாவோ பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். அம்மாவுக்கு வார்த்தை வராது. அந்த வார்த்தையை அவளோடு சேர்ந்து தேடிக் கொடுப்பதற்குத்தான் உன் படிப்பு.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். என்னிடம் இரண்டு நோட்டு இருக்கிறது. ஒன்றில் எண்கள் மட்டும், வருகை, உதவி, தேதி. இன்னொன்றில் எந்த எண் யார் என்பது. இரண்டாவது நோட்டை அலுவலகத்தில் நான் வைத்ததே இல்லை, வீட்டுப் பீரோவில் பூட்டியிருக்கிறது. அதை உன்னிடம் தர முடியாது. உன்மேல் சந்தேகம் என்று நினைக்காதே. அந்தப் பெயர்களை அவர்கள் என்னிடம் சொன்னார்கள், உன்னிடம் சொல்லவில்லை.

உன் போன் வந்த மறுநாளிலிருந்து ஒவ்வொருவராகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முட்டி வலியால் ஒரு நாளைக்கு இரண்டு வீட்டுக்கு மேல் முடியவில்லை. உன் பெயரைச் சொல்லவில்லை, நம்மில் ஒரு பையன் தொடங்குகிறான் என்று மட்டும் சொல்கிறேன். இதுவரை பதினோரு வீடு. நான்கு பேர் சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு பேர் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். ஐந்து பேர் வேண்டாம் என்றார்கள், அதில் ஒருத்தி நான் வாசலுக்கு வரும்வரை கூடவே வந்து, "தப்பா நெனச்சுக்காதீங்கக்கா" என்றாள்.

அந்த நான்கு பேரின் பெயர்களோடு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நீ அம்மாவிடமும் தங்கச்சியிடமும் கேட்டு வைத்திரு.

அன்புடன்,
அக்கா